மாரிக்குள்ள வீட்டு வேலை: எங்க நிப்பாட்டுற, எதைத் தொடர்ந்து செய்யிற?

#1 வாவிக்கரை

களுவாஞ்சிக்குடிப் பக்கம் காணி. மெயின் ரோட்டுக்கும் வாவிக்கும் நடுவில, மணல் தரை. வீடு 24 அடிக்கு 34 அடி: ரெண்டு அறை, சாலை, குசினி, முன்விறாந்தை. ஆறு இஞ்சி சீமெந்துக் கல்லுச் சுவர், ஓட்டுக் கூரை. பிரதேச சபை அனுமதி கையில இரிக்கி. இப்ப புரட்டாதி கடைசி. அத்திவாரம் இன்னும் வெட்டல்ல.

கேள்வி மூண்டு. இப்ப வெட்டலாமா, இல்லாட்டி மாசி வரைக்கும் பொறுக்கிறதா? வெட்டினா, அடைமழைக்கு முதல் எந்த இடத்தில நிப்பாட்டினா பழுதில்ல? மழைக்குள்ள நடத்தக்கூடிய வேலை எது?

#2 தூக்குக்குண்டு

தம்பி, புரட்டாதி கடைசியில தொடங்கினா பிளின்த் பீம் (அத்திவாரத்துக்கு மேல, சுவருக்குக் கீழ சுத்திவரப் போடுற கம்பிக் கொங்கிறீற்று) மட்டும் ஏத்தி, உள்ளுக்கு மண் நிரப்பி முடிக்கக் காலம் இரிக்கி. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. மணல் தரையில பயம் மழை இல்ல, கீழ இருந்து ஏறுற தண்ணி. ஆவணியில ஏழெட்டு அடிக்குக் கீழ கிடக்கிற கிணத்துத் தண்ணி, மார்கழியில கையால அள்ளுற மட்டத்துக்கு வந்திரும். அந்த நேரம் அத்திவாரத்துக்கு மூண்டடிக் கான் (நீளப் பள்ளம்) வெட்டினா, வெட்ட வெட்டப் பக்கம் சரியும்.

அதால முழு வீட்டுக் கானையும் ஒரே நாளில வெட்டிப் போடாதீங்க. ஒரு பக்கம் வெட்டுங்க, அண்டைக்கே அடியில மூண்டு இஞ்சி கொங்கிறீற்று (சீமெந்து ஒண்டுக்கு மணல் மூண்டு, ஒண்டரை இஞ்சிக் கல்லு ஆறு) போடுங்க, அடுத்த நாள் கருங்கல்லு ஏத்துங்க, மறுகா அடுத்த பக்கம். கான் திறந்து கிடக்கிற நாள் எவ்வளவு குறையுதோ அவ்வளவுக்கு நட்டம் குறையும். வெட்டின மண்ணைக் கான் விளிம்பில குவிக்கப்படாது. ரெண்டடி தள்ளிப் போடுங்க. அந்தப் பாரம்தான் கரையைச் சரிக்கிற.

ஒரு இரவு மழைக்கு கான் நிறைஞ்சா, தண்ணியை இறைச்சுப்போட்டு உடனே கொங்கிறீற்று போடுற ஆக்கள் இரிக்காங்க. பிழை. மேல ரெண்டு மூண்டு இஞ்சி சேறாகிக் கிடக்கும். அதை வழிச்செடுத்து, கெட்டி மணல் தெரிஞ்ச பிறகுதான் போடணும். வழிச்ச பள்ளத்தை மண்ணால நிரப்பாம, அந்த அடிக் கொங்கிறீற்றாலயே நிரப்புங்க.

#3 நீர்மட்டம்

தூக்குக்குண்டு அண்ணன் சொன்னதோடு ஒன்று. தண்ணீர் இறைக்கும்போது பம்பின் உறிஞ்சு குழாயைக் கானுக்குள்ளேயே வைத்து இறைக்க வேண்டாம். தண்ணீரோடு நுண்மணலும் வந்துவிடும், அடித்தளம் இளகும். கானின் மூலையில், வீட்டின் கோட்டுக்கு வெளியே, கானை விட ஒரு அடி ஆழமாக ஒரு குழி வெட்டி, அதற்குள் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்ரிக் வாளியை இறக்கி, வாளியைச் சுற்றி முக்கால் இஞ்சிக் கல்லுப் போடுங்கள். உறிஞ்சு குழாய் அந்த வாளிக்குள் இருக்கட்டும். பம்பால் வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் சரி. கலங்கி மணலோடு வந்தால் நிறுத்திவிட்டுக் கல்லை இன்னும் சுற்றிப் போடுங்கள்.

அத்திவார உயரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் காணியில் எந்த மட்டத்துக்கு ஏறியது என்று அயலில் கேளுங்கள். பழைய மதில், கோயில் தூண், மின்கம்பம் எதிலாவது அடையாளம் இருக்கும். லெவல் குழாய் பிடித்து அந்த மட்டத்தை உங்கள் காணிக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுத் தரை அதற்கு மேல் ஒன்றரை அடியாவது இருக்க வேண்டும். வாவியோரக் காணியில் ரோட்டு மட்டத்தை அளவாக எடுப்பது போதாது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி விடும் வரைக்கும் வாவித் தண்ணீர் எங்கு நிற்கும் என்பதுதான் அளவு.

#4 படுவான்கரை

மேல சொன்னது எழுவான்கரை (வாவிக்குக் கிழக்க, கடல் பக்கம்) மணலுக்குச் சரி. இந்த இழையை வாசிக்கிற படுவான்கரை (வாவிக்கு மேற்குப் பக்கம்) ஆக்களுக்காக எழுதுறன். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கம் வயலை அண்டின காணியெண்டா களிமண். களியில கான் சரியாது, நேரா நிக்கும். அதைப் பாத்து ஏமாறக்கூடாது. களி தண்ணி குடிச்சா ஊதும், சித்திரையில வெடிச்சுச் சுருங்கும். மாரியில ஊதின களிக்கு மேல அத்திவாரம் போட்டா, முதல் கோடையிலேயே ஜன்னல் மூலையில் இருந்து சாய்வா வெடிப்பு விழும்.

எங்க பக்கம் செய்யவேண்டிய வேலை: கானை அரை அடி கூடுதலா வெட்டி, அந்த அரை அடிக்கும் ஆத்து மணல் போட்டுத் தண்ணி விட்டு இறுக்கிறது. கானின்ர ரெண்டு பக்கத்துக்கும் களியைத் திருப்பிப் போடாம மணலோ கிரவலோ போடுறது. பிளின்த் பீமை விடவே கூடாது. செலவு மிச்சம் எண்டு அதைத் தவிர்க்கிற வீட்டிலதான் சுவர் பிளக்கிற.

இன்னொண்டு, சாமான். ரோட்டால தண்ணி பாயத் தொடங்கினா டிப்பர் வராது. உழவு இயந்திரப் பெட்டிதான் வரும், அதுவும் நிச்சயமில்ல. ஐப்பசி நடுப்பகுதிக்கு முதல் கல்லு, மணல், கருங்கல்லு முழுக்கக் காணிக்குள்ள இறங்கியிருக்கணும். கம்பியும் சீமெந்தும் பிறகு கொண்டுவரலாம். அது மோட்டச்சைக்கிளிலயும் தோணியிலயும் ஏறும். மணல் ஏறாது.

#5 முகட்டுவளை

எல்லாரும் பிளின்த்தோட நிப்பாட்டச் சொல்றீங்க. வேற வழி இரிக்கி. தூண் முறையில கட்டுங்க. மூலைகளுக்கும் நடுவுக்கும் ஒன்பது இஞ்சி சதுரத் தூண், அடியில மூண்டடிக்கு மூண்டடி பாதம், மேல சுத்திவர பீம், அதுக்கு மேல நேரா கூரை. கார்த்திகை தொடங்குறதுக்குள்ள ஓடு ஏறிரும். மறுகா சுவர், பூச்சு, தரை எல்லாம் கூரைக்குக் கீழ நனையாம நடக்கும். மாரி முழுக்க மேசனுக்கு வேலை இரிக்கும், தைப்பொங்கலுக்குள்ள உள்பூச்சு முடியும்.

#6 நீர்மட்டம்

முகட்டுவளை சொல்வது நல்ல முறை. ஆனால் வாவிக்கரை தம்பியின் நிலைமைக்கு நான் உடன்படவில்லை. காரணம் காற்று.

சுவர் இல்லாத கூரைக்குக் கீழே காற்று புகுந்து தூக்கும். சுவர் இருக்கும் வீட்டைவிட அதிகமாகத் தூக்கும். நமது கரையில் சூறாவளிக் காலம் இதே கார்த்திகை, மார்கழிதான். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பில் கூரைகளை என்ன செய்தது என்று தெரியாத குடும்பம் இங்கில்லை. தூண்முறையில் போவதென்றால் கீழே உள்ளவற்றில் ஒன்றும் குறையக்கூடாது.

சுற்றுப் பீம் கொங்கிறீற்றுக்குள் 12 மி.மீ போல்ற்றுகள், ஒன்பது இஞ்சி உள்ளே, நுனி வளைத்து, நான்கடிக்கு ஒன்று வீதம். மூலைகளில் இன்னும் நெருக்கமாக. சுவர் வளை அந்தப் போல்ற்றில் வொஷரோடு இறுக்கப்பட வேண்டும். கைமரத்தை வளையில் ஆணியால் மட்டும் அடித்தால் தூக்கும்போது ஆணி உருவிக்கொண்டு வரும். இரும்புப் பட்டி போட்டு இரு பக்கமும் இறுக்க வேண்டும். தூணிலிருந்து ஒவ்வொரு மூன்று வரிக்கும் 6 மி.மீ கம்பி ஒன்றரை அடி நீட்டி விடுங்கள், பின்னால் கட்டும் சுவர் அதில் பிடிக்க. இல்லாவிட்டால் தூணுக்கும் சுவருக்கும் நடுவில் நேர்கோடாக வெடிப்பு நிச்சயம். கூரை ஏறியதும் முதலில் மூலைச் சுவர்களைக் கட்டி முடியுங்கள். நடு அறைச் சுவர் கடைசியில்.

இதற்குத் தூண், பாதம், கம்பி அளவுகளை ஒரு பொறியியலாளரோ தொழில்நுட்ப உத்தியோகத்தரோ பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அனுமதி எடுத்த வரைபடம் சுமைச் சுவர் வீட்டுக்கென்றால் (தூண் இல்லாமல் சுவரே கூரையைத் தாங்குவது) முறையை இடையில் மாற்றக்கூடாது.

#7 முகட்டுவளை

சரி, காற்றைப் பற்றிச் சொன்னது நியாயம். போல்ற்றும் பட்டியும் போடாத ஆளுக்கு நானும் இந்த முறையைச் சொல்லமாட்டன். மூலைச் சுவர் முதல் எண்டதையும் ஏத்துக்கொள்றன். ஆனா தொடக்கம் ஆவணி எண்டா, இதைவிட நல்ல முறை இந்த மாவட்டத்துக்கு இல்ல எண்டுதான் இப்பவும் நினைக்கிறன்.

#8 வாவிக்கரை

அனுமதி சுமைச் சுவருக்குத்தான். அப்ப பிளின்த் பீமோட நிப்பாட்டுறன். பீமுக்கு சாமான் கணக்கும், மழைக்குள்ள கலவை போடுற முறையும் சொல்லுங்க அண்ணன். மணல் குவியல் இப்பவே நனைஞ்சு கிடக்கு.

#9 தூக்குக்குண்டு

வெளிச்சுவர் சுத்தி 116 அடி, உள்சுவர் ஒரு 60 அடி எண்டு வைப்பம். மொத்தம் 176 அடி. ஒன்பதுக்கு ஒன்பது பீம் எண்டா ஏறத்தாழ 100 கன அடி, அதாவது ஒரு கியூப் கொங்கிறீற்று. ஒண்டுக்கு ரெண்டுக்கு நாலு கலவையில ஒரு பக்கெட் (50 கிலோப் பை) சீமெந்துக்கு அஞ்சே முக்கால் கன அடி கிடைக்கும். ஆக 18 பக்கெட் சீமெந்து, 45 கன அடி மணல், 90 கன அடி முக்கால் இஞ்சிக் கல்லு. கம்பி 12 மி.மீ நாலு ஓட்டம், பொருத்துக்கு ரெண்டடி மேலேறணும். எல்லாம் சேத்து 210 கிலோ வரும். அந்தக் கம்பிகளைச் சுத்திக் கட்டுற றிங் 6 மி.மீ, ஆறு இஞ்சிக்கு ஒண்டு.

மணல் விசயத்துக்கு வாறன். பெட்டி அடிச்சு அளக்கணும். 12 இஞ்சிக்கு 12 இஞ்சி, உயரம் 15 இஞ்சி. அதுதான் ஒரு பக்கெட் சீமெந்தின்ர கன அளவு. தாச்சி எண்ணி அளக்கிற பழக்கம் மாரிக்குச் சரிவராது. ஏனெண்டா ஈர மணல் ஊதி நிக்கும். ஒள்ளுப்பம் ஈரம் பிடிச்ச மணல் கால் பங்கு வரைக்கும் கூடப் பெருத்துத் தெரியும். ரெண்டு பெட்டி எண்டு நினைச்சுப் போடுவீங்க, உண்மையில ஒண்டரைச் சொச்சம்தான் போயிருக்கும்.

சோதிக்கிறது லேசு. ஒரு கண்ணாடிப் போத்தலில மணலை அமத்தாம எட்டு இஞ்சிக்குப் போடுங்க. தண்ணி விட்டு நல்லாக் கலக்கி அடைய விடுங்க. ஆறரை இஞ்சிக்கு இறங்கினா, ஒண்டரையை ஆறரையால பிரிங்க: 23 வீதம் ஊதல். அப்ப ரெண்டு பெட்டிக்குப் பதிலா ரெண்டரைப் பெட்டி போடணும். முழுக்க ஊறித் தண்ணி வடியிற மணலுக்கு ஊதல் இல்ல, அதுக்கு ரெண்டு பெட்டிதான். ஆனா அதைப் போடாம, குவியலின்ர உச்சியில இருந்து எடுங்க; அடியில உள்ளது தண்ணியை வைச்சுக்கொண்டு கிடக்கும்.

#10 நீர்மட்டம்

தண்ணீர்க் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான், அதில்தான் மாரிக் கொங்கிறீற்று கெடுகிறது. ஒரு பக்கெட்டுக்குப் பாதி எடை, அதாவது 25 லீற்றர் என்பது மணல், கல் எல்லாம் உலர்ந்திருந்தால். இரண்டு பெட்டி மணலின் எடை ஏறத்தாழ 113 கிலோ. அதில் 5 வீதம் ஈரம் என்றால் ஐந்தரை லீற்றர் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. நனைந்த கல்லில் இன்னும் ஒன்றிரண்டு லீற்றர். ஆகவே 18 லீற்றரில் தொடங்கி, தேவைப்பட்டால் அரை அரை லீற்றராகக் கூட்டுங்கள். வழமைபோல 25 லீற்றரும் ஊற்றினால் கலவை கஞ்சியாகும், பலம் பெருமளவு குறைந்துவிடும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. ஓடாத கலவையை வைபிறேற்றர் இறுக்கும். அதை வாடகைக்கு எடுங்கள்.

நேரம்: ஐப்பசியில் இடிமழை பெரும்பாலும் பின்னேரம் திரளும். ஒரு பக்கெட் மிக்சரும் எட்டுப் பேரும் இருந்தால் 18 கலவை மூன்று மணித்தியாலம். காலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு முன் முடியும், மழைக்கு முதல் இறுகவும் நேரம் கிடைக்கும். கார்த்திகை கடைசியில் தாழமுக்கம் வந்தால் நாள்கணக்கில் பெய்யும், அப்போது இந்தக் கணக்கு உதவாது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்து நாளைத் தள்ளிவிடுங்கள்.

பாதியில் மழை பிடித்தால்: தறப்பாள் முதலிலேயே பக்கத்தில் விரித்துத் தயாராக இருக்க வேண்டும், கொங்கிறீற்றில் படாமல் உயர்த்திப் பிடிக்கத் தடிகளோடு. வேலையை நிறுத்துவதென்றால் பீமின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள், சந்திப்பிலோ மூலையிலோ வேண்டாம். ஒரு பலகையை நேராக நிறுத்தி அதோடு முடியுங்கள். சரிவாக வழிய விடக்கூடாது. அடுத்த நாள் அந்த முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, சீமெந்துப் பால் பூசி, பால் காயுமுன் தொடருங்கள்.

மேற்பரப்பு கழுவுப்பட்டுக் கல் தெரிந்தால் அதற்கு மேல் காய்ந்த சீமெந்தைத் தூவாதீர்கள். அது தோலாக நின்று உரியும். இறுகிய பின் இளகிய பகுதியைக் கொத்தி எடுத்து, நல்ல சாந்தால் மட்டம் எடுங்கள். மழை பெய்வதால் தண்ணீர் விடத் தேவையில்லை என்றும் நினைக்க வேண்டாம். கார்த்திகையிலும் இரண்டு நாள் வெயில் எறிக்கும். நனைந்த சாக்கு ஏழு நாள் மேலே கிடக்கட்டும்.

#11 சம்மாந்துறையான்

அஸ்ஸலாமு அலைக்கும். ஆள் பற்றாக்குறையை யாரும் எழுதல்ல. ஐப்பசி கார்த்திகையில பெரும்போக விதைப்பு. அம்பாறை, சம்மாந்துறை, நாவிதன்வெளிப் பக்கம் கையாள் முழுக்க வயலுக்கு இறங்கிருவாங்க. மாசியில அறுவடை, அப்பயும் இதே நிலைதான். நடுவில மார்கழி, தையில ஆள் கிடைக்கும், ஆனா மழை. அதால கொந்தராத்து பேசும்போதே மழை நாளுக்கு என்ன கணக்கு எண்டு எழுதிக்கொள்ளுங்க. பத்து மணிக்கு முதல் நிண்டா எவ்வளவு, பிறகு நிண்டா எவ்வளவு. வாய்ப்பேச்சில விட்டா அதுலதான் சண்டை வரும்.

சீமெந்து: மாரியில ரெண்டு கிழமைக்கு மேல சேத்து வைக்காதீங்க. தரையில இருந்து அரை அடி உயரத்துக்குப் பலகை, சுவரில இருந்து ஒரு அடி தள்ளி, பத்துப் பக்கெட்டுக்கு மேல அடுக்காம, முழுக்கப் பொலித்தீனால சுத்தி. முதல் வந்ததை முதல் எடுங்க. விரலால அமத்தக் கட்டி உடைஞ்சா பாவிக்கலாம். உடையாட்டி அரிச்செடுத்துப் பூச்சுக்குப் போடலாம் எண்டு நினைக்காதீங்க. வேலி நடுற கிடங்குக்குப் போடுங்க. வாங்கும்போது எஸ்.எல்.எஸ் (இலங்கைத் தரச் சான்று) முத்திரையையும் பொதி செய்த திகதியையும் பாருங்க.

கடல் மணல், வாவி மணல் இரண்டும் வேணாம். மாரியில ஆறு பெருக்கெடுத்தா ஆத்து மணல் வராது, விலை ஏறும், அப்ப "ரெண்டு மழைக்கு உப்பெல்லாம் கழுவுப்பட்டுரும்" எண்டு சொல்லிக்கொண்டு வருவாங்க. குவியலின்ர மேல்பக்கம்தான் நல்லாக் கழுவுப்படும். மிச்ச உப்பு கம்பியைத் தின்னும். அனுமதிப்பத்திரம் இல்லாத மணல் ஏத்தினா லொறியோட பிடிபடும், உங்க காசும் அதோட போகும்.

#12 வாவிக்கரை

வ அலைக்கும் ஸலாம். நல்ல விசயம், எழுதி வைச்சன். பிளின்த்தோட நிண்டா வெளியில நிக்கிற தூண் கம்பிகளை என்ன செய்யிற? கடல் காத்து இரிக்கி. ஜன்னல் கதவுப் பக்கம் நாலு இடத்தில கம்பி மேல விடச்சொல்லி வரைபடத்தில இரிக்கி.

#13 தூக்குக்குண்டு

சீமெந்தைத் தண்ணியில கூழாக் கரைச்சு ரெண்டு தரம் பூசுங்க. காய்ஞ்ச பிறகு பொலித்தீன் சுத்தி, அடியில கட்டாம விடுங்க. அடியைக் கட்டினா உள்ளுக்கு வேர்த்து இன்னும் துருப்பிடிக்கும். திரும்பத் தொடங்கும்போது கம்பித் தூரிகையால தேய்ச்சு, நல்ல தண்ணியால கழுவிப்போட்டு வேலை செய்யுங்க. மெல்லிய மண்ணிறத் துரு பழுதில்ல. செதில் செதிலா உரியிற துருதான் பழுது.

மண் நிரப்புறதுக்கு மாரியில கிரவலை விட மணல் நல்லம். கிரவல் ஊறினா இடிக்க இடிக்க மெத்தை மாதிரி துள்ளும், இறுகாது. மணலை ஆறு இஞ்சி ஆறு இஞ்சியாப் போட்டுத் தண்ணி விட்டா தானா அடையும். மழையே பாதி வேலையைச் செய்து தரும். தரைக் கொங்கிறீற்றை மட்டும் இப்ப போடாதீங்க. ஒரு மாரி அடைஞ்ச மண்ணுக்கு மேல போட்ட தரை பிறகு இறங்காது.

பீமுக்கு மேல ஈரத்தடை: ஒண்டுக்கு ரெண்டு சாந்து முக்கால் இஞ்சி, காய்ஞ்ச பிறகு தார் ரெண்டு பூச்சு. ஈரத்துக்கு மேல தார் பிடிக்காது, தோல் மாதிரி கழண்டு வரும். அதை மாசியில, சுவர் தொடங்குறதுக்கு முதல் செய்யுங்க.

#14 படுவான்கரை

மலசலகூடக் குழியையும் கிணத்தையும் பற்றி ஒரு சொல். கிணறு ஆவணியில வெட்டணும். மாரியில வெட்டின கிணறு அஞ்சாறு அடியிலேயே தண்ணி காட்டும், நிப்பாட்டிருவீங்க, மறு ஆவணிக்கு வத்திரும். குழிக்கும் கிணத்துக்கும் நடுவில 50 அடியாவது விடுங்க. சின்னக் காணியெண்டா பக்கத்துக் காணிக் கிணத்தையும் சேத்து அளக்கணும்.

கழிவுத் தொட்டியை மாரியில கட்டினா ஒரு அபாயம். எட்டடி நீளம், நாலடி அகலம், அஞ்சடி ஆழத் தொட்டி 160 கன அடி. நிலத்தண்ணி வாய் மட்டத்துக்கு ஏறினா அது நாலரை டொன் பாரத்தை மேல தூக்கும். வெறும் தொட்டியின்ர பாரம் அதைவிடக் குறைஞ்சா, முழுத் தொட்டியும் மிதந்து சாயும், குழாய் பொருத்தெல்லாம் உடையும். கட்டி முடிச்ச அண்டைக்கே தண்ணி நிரப்புங்க, மூடியையும் போடுங்க.

#15 நீர்மட்டம்

நிரப்பும் தண்ணீர் என்றதும் நினைவுக்கு வந்தது: நுளம்பு. கொங்கிறீற்றுக்கு மேல் வரம்பு கட்டித் தேக்கும் தண்ணீர், திறந்த பீப்பாய், சீமெந்துக் கல்லின் ஓட்டைகள், தறப்பாளின் மடிப்பு எல்லாம் டெங்கு நுளம்புக்கு இடம். மழை காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதலில் வருவது கட்டட வளவுக்குத்தான். ஐந்து நாளைக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள்.

கல் அடுக்கு, பலகைக் குவியலுக்குள் கை விடுமுன் தடியால் தட்டுங்கள். வெள்ளம் ஏறினால் பாம்பு உயர்ந்த இடம் தேடி அதற்குள்தான் ஏறும்.

#16 முகட்டுவளை

மாசியில சுவர் தொடங்கும்போது: உங்க அளவுக்கு கதவு ஜன்னல் கழிச்சு 15, 16 சதுரம் சுவர் வரும். சதுரத்துக்கு (100 சதுர அடி) 112 கல்லு. உடைவோட 1,850 கல்லு எடுங்க. இப்பவே வாங்கி அடுக்கினா நல்லம், ஏனெண்டா மாரி முழுக்க ஆறுற கல்லு கோடையில அரிஞ்சு உடனே விக்கிற கல்லைவிட உறுதி. ஆனா கட்டுறதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் மேல தகரம் போட்டுக் காய விடுங்க. ஊறின கல்லைக் கட்டினா சாந்து இழுபடாது, வரி நீந்தும், பிறகு கல்லு காய்ஞ்சு சுருங்கும்போது பொருத்தில வெடிக்கும். ஒரு நாளைக்கு நாலடிக்கு மேல ஏத்தாதீங்க. மழை பெய்த கிழமையெண்டா மூண்டடி. பின்னேரம் வேலை முடியச் சுவரின்ர தலைக்குப் பொலித்தீன் போட்டு ரெண்டு பக்கமும் கல்லுத் தொங்கவிடுங்க.

கூரை ஏறின அண்டையில இருந்து பீலி (தாழ்வாரத்தில மழைத்தண்ணியைப் பிடிக்கிற வாய்க்கால்) வேணும். 1,000 சதுர அடிக் கூரையில ஒரு இஞ்சி மழை விழுந்தா 2,300 லீற்றருக்கு மேல தண்ணி. அது முழுக்க மணல் தரையில அத்திவாரத்துக்குப் பக்கத்தில விழுந்தா, ஒரே மாரியில கருங்கல்லு வெளியில தெரியும். பீலிக்குக் காசு பத்தாட்டி, தாழ்வாரம் சொட்டுற கோட்டில ரெண்டடி அகலத்துக்கு உடைஞ்ச கல்லுப் பரத்துங்க.

#17 வாவிக்கரை

கடைசியா ஒரு கேள்வி. மரவேலையை இப்ப குடுக்கலாமா? ஓடாவியார் மார்கழியில கை ஓய்வு எண்டு சொல்றார். கூலியும் குறைவு.

#18 தூக்குக்குண்டு

நிலையும் யன்னல் சட்டமும் குடுங்க. முதிரையோ பாலையோ, அறுத்து ஆறின மரம். சுவரோட ஒட்டுற பக்கத்துக்கு ரெண்டு பூச்சு அடிப்பூச்சு அடிச்ச பிறகுதான் கட்டுவேலைக்கு எடுக்கணும். வைச்ச பிறகு அந்தப் பக்கத்துக்குத் தூரிகை போகாது. கறையான் மருந்தையும் ஊறின மண்ணில அடிக்காதீங்க, கழுவுப்பட்டு ஓடிரும். காய்ஞ்ச நாளில, தரை போடுறதுக்கு முதல்.

கதவுப் பலகையை மட்டும் மார்கழியில அளவுக்குச் சீவ விடாதீங்க. மாரியில மரம் ஈரம் குடிச்சு ஊதி நிக்கும். அந்த அளவுக்கு நிலையில இறுக்கமாப் பொருத்தினா சித்திரையில விரல் போற இடைவெளி வரும். பலகையை இப்ப இழைச்சு ஒட்டி, சுத்திவர கால் இஞ்சி கூட விட்டு, நிழலில தரையில இருந்து உயர்த்தித் தட்டையா அடுக்கி வைக்கச் சொல்லுங்க. கடைசிச் சீவலும் பிணைச்சலும் பங்குனியில. மறுகா மேலும் கீழும் உள்ள விளிம்புக்கும் பெயின்ற் அடிக்கணும். கண்ணுக்குத் தெரியாத விளிம்பெண்டு விடுறது அதைத்தான், அதாலதான் அடுத்த மாரியில கதவு தண்ணி குடிக்கிற.